பேசியது நீ, பேர் வாங்கியது குப்பி

(திருவனந்தபுரத்தில் தமிழ் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடியைப் பற்றிய பேச்சு என்று அழைப்பிதழில் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கல்லீரல் கெடுவதையும் குடும்பம் சீரழிவதையும் பற்றி நீங்கள் வேண்டிய மட்டும் கேட்டிருப்பீர்கள். அத்தனையும் உண்மை. ஆனால் அதெல்லாம் கதையின் பின்பாதி. எனக்கு நெடுநாளாக மனசை உறுத்துவது முன்பாதி. கடன் இல்லை, காதல் தோல்வி இல்லை, வீட்டில் சண்டை இல்லை. இருந்தும் இருபது வயதுப் பையன் ஒருவன் முதல் கிளாஸைக் கையில் எடுக்கிறானே, ஏன்? அவனைக் கேட்டால், "சும்மா ஜாலிக்கு" என்பான். அவன் அம்மாவைக் கேட்டால், "கூட்டாளிமார் கெடுத்துப் போட்டானுவ" என்பாள். கொஞ்சம் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வேறொரு பதில் வரும். "நாலு பேரு முன்னால எனக்குப் பேச்சு வராது சார். ரெண்டு பெக் போட்டாத்தான் வருது."

உளவியல் ஆலோசகனாக வேலை பார்த்த காலம் முழுக்க இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். தமிழிலும் கேட்டிருக்கிறேன், மலையாளத்திலும் கேட்டிருக்கிறேன். இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு பதிலைச் சுற்றித்தான்.

கூச்சம் எங்கே நோயாகிறது?

கூச்சம் எல்லோருக்கும் உண்டு. புது இடத்தில் தயங்குவதும், மேடை ஏறும்போது தொண்டை வறள்வதும் மனித இயல்பு. அதுவே ஒருவரின் படிப்பையும் வேலையையும் உறவையும் தடுத்து நிறுத்தத் தொடங்கினால், அதைச் சமூகப் பதற்ற நோய் என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல்தான் இதற்குத் தன் கையேட்டில் தனி இடம் கொடுத்தது. அதற்கு முன்பும் நோய் இருந்தது; சங்கோஜி, வாயில்லாப் பூச்சி, தலைக்கனம் பிடித்தவன் என்று ஆளுக்கொரு பட்டம் கொடுத்து நாம் கடந்துபோய்விட்டோம்.

இது பெரும்பாலும் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் புத்தகம் கையில் நடுங்கும். பந்தியில் உட்கார்ந்தால், எதிரே இருப்பவர் தான் சாப்பிடுவதையே பார்க்கிறார் என்று சோறு இறங்காது. வங்கியில் குமாஸ்தா முன்னால் கையெழுத்துப் போடும்போது விரல் இழுக்கும். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனாலும் நிம்மதி இல்லை. 'அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அவர் முகம் ஒரு மாதிரி ஆனதே' என்று நடுராத்திரி வரை மனசுக்குள் விசாரணை நடக்கும். இந்த விசாரணையில் அவரே குற்றவாளி, அவரே நீதிபதி. விடுதலை மட்டும் ஒருநாளும் கிடையாது.

ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஊர். பொறியியல் முடித்துவிட்டுக் கழக்கூட்டத்தில், டெக்னோபார்க் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். வேலையில் கெட்டிக்காரர். மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போகும்போதுதான் சங்கடம். மலையாளம் நன்றாகப் புரியும். வாய் திறந்தால், தமிழரைக் கேலி செய்யும் 'பாண்டி' என்ற சொல்லைச் சொல்லிச் சிரித்துவிடுவார்களோ என்று பயம். ஆங்கிலம் பேசினால் இலக்கணம் தப்புமோ என்று பயம். சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்துவிட்டு, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு முதல் ஆளாக எழுந்துவிடுவார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொல்லவேண்டிய இரண்டு வாக்கியத்தை ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். அவர் முறை வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

ஓணத்தை ஒட்டி ஒரு டீம் பார்ட்டி. யாரோ கையில் ஒரு கிளாஸைத் திணித்தார்கள். அதுவரை தொட்டதில்லை. பாதி உள்ளே போனதும் இறுகிக்கிடந்த தோள்பட்டை இளகியது. இரண்டாவது முடிந்தபோது மலையாளத்தில் ஒரு தமாஷ் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எடா, ஆளு கொள்ளாமல்லோ!" (அடே, ஆள் பரவாயில்லையே!) என்று டீம் லீடர் முதுகில் தட்டினார். வேலைக்குச் சேர்ந்து அத்தனை மாதத்தில் அவர் கேட்ட முதல் பாராட்டு அது.

அடுத்த பார்ட்டிக்கு அறையிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினார். பிறகு அத்தை மகள் கல்யாணத்துக்கு, அதற்குப் பிறகு மேலதிகாரியிடம் போனில் பேசுவதற்கு. சில வருஷத்தில் காலையில் கை நடுக்கம் நிற்பதற்கே ஒரு கட்டிங் தேவைப்பட்டது. எந்தக் கை நடுக்கத்தை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது என்று அஞ்சினாரோ, அதே நடுக்கம் இப்போது குடியினாலேயே வந்து நின்றது.

மது செய்வது என்ன, நாம் நம்புவது என்ன?

மது வேலை செய்யவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பவும் வேண்டாம், ஏனென்றால் அது வேலை செய்கிறது. மூளையில் பரபரப்பைத் தணிக்கும் காபா என்ற ரசாயனத்தின் செயலை மது கூட்டுகிறது; பரபரப்பை ஏற்றும் குளூட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது. உடம்பு தளர்கிறது, நாக்கு இளகுகிறது. 2012இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒருவரை ஒருவர் அறியாத 720 பேரை மூன்று மூன்று பேராக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். மது கொடுக்கப்பட்ட குழுக்களில் மூவரும் ஒரே நேரத்தில் சிரித்த தருணங்கள் கூடுதலாக இருந்தன. உண்மையை ஒப்புக்கொள்ளாமல் செய்யும் பிரசாரம் இளைஞர் காதில் ஏறாது.

ஆனால் வேலை செய்வதில் எவ்வளவு மதுவினுடையது, எவ்வளவு நம்பிக்கையினுடையது? 1977இல் வில்சன், ஏபிரம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். இளைஞர்களில் பாதிப்பேருக்கு வோட்கா கலந்த பானம், பாதிப்பேருக்கு வெறும் பானம். இதில் ஒரு சூட்சுமம் வைத்தார்கள். வோட்கா குடித்தவர்களில் பாதிப்பேரிடம் 'இதில் மது இல்லை' என்றார்கள். வெறும் பானம் குடித்தவர்களில் பாதிப்பேரிடம் 'இதில் வோட்கா இருக்கிறது' என்றார்கள். பிறகு அறிமுகமில்லாத ஒரு பெண்ணிடம் பேச அனுப்பி, நாடித்துடிப்பை அளந்தார்கள். மது குடித்திருக்கிறோம் என்று நம்பியவர்களுக்குப் படபடப்பு குறைவாக இருந்தது. குடித்தது வோட்காவா, வெறும் பானமா என்பதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

1988இல் ஸ்டீல், ஜோசஃப்ஸ் என்ற இருவர் வேறொரு சோதனை செய்தார்கள். இன்னும் கால் மணி நேரத்தில் உங்கள் உடலிலும் தோற்றத்திலும் உங்களுக்குப் பிடிக்காதவை பற்றி நீங்கள் பேசவேண்டும் என்று சிலரிடம் சொன்னார்கள். எவ்வளவு குரூரமான தலைப்பு பாருங்கள்! மது அருந்திவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் படங்களைப் பார்த்து மதிப்பெண் போடும் வேலையில் ஈடுபட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. மது அருந்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறையவில்லை. மது கவனத்தின் வட்டத்தைச் சுருக்குகிறது. அந்தச் சிறு வட்டத்துக்குள் வேறு ஏதாவது இருந்தால் பயம் வெளியே போய்விடுகிறது, எதுவும் இல்லையென்றால் பயம் மட்டுமே உள்ளே இருக்கிறது. கூட்டத்தில் குடிக்கும்போது கலகலப்பாக இருப்பவர், தனியாக உட்கார்ந்து குடிக்கும்போது ஏன் அழுகிறார் என்பதற்கு இதில் விளக்கம் இருக்கிறது.

இப்போது நம் நாகர்கோவில் இளைஞரிடம் திரும்புவோம். அன்று அந்தத் தமாஷைச் சொன்னது யார்? அவர்தான். மலையாளத்தில் அதைக் கோத்தது அவர் மூளை. எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று அறிந்தது அவருடைய நகைச்சுவை. ரம்முக்கு மலையாளம் தெரியாது. ஆனால் மறுநாள் அவர் மனசில் பதிந்த பாடம் என்ன? 'குடித்ததால் பேசினேன்.' பேசியது அவர், பேர் வாங்கியது குப்பி.

இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த விஷயம் இதுதான். கூச்சக்காரருக்கு மது செய்யும் முதல் தீங்கு கல்லீரலில் நிகழ்வதில்லை. அவர் அனுபவத்தில் நிகழ்கிறது. பயந்த இடத்துக்குப் போய், பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டு, 'அட, என்னாலும் முடிகிறதே' என்று தெரிந்துகொள்வதுதான் அச்சத்துக்கு இயற்கையான மருந்து. ஒவ்வொரு சபையிலும் அந்த மருந்து அவருக்குக் கிடைக்கிறது, ஒவ்வொரு முறையும் குப்பி அதைத் தட்டிப் பறித்துக்கொள்கிறது. நூறு கல்யாணத்துக்குப் போய் வந்தாலும், குடிக்காமல் போன முதல் கல்யாணத்தில் அவர் மறுபடி பதின்மூன்று வயதுப் பையனாகத்தான் நிற்பார்.

மறுநாள் காலை

இதோடு போனால் பரவாயில்லை. மது தந்த அமைதி கந்துவட்டிக்கு வாங்கிய அமைதி. மூளை தன் சமநிலையை மீட்க எதிர்ப்பக்கம் இழுக்கிறது. போதை இறங்கும்போது பதற்றம் முன்பிருந்ததைவிட மேலே ஏறுகிறது. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகமும் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியும் சேர்ந்து 97 பேரிடம் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கூச்சம் மிகுந்தவர்களுக்குக் குடித்த இரவில் பதற்றம் சற்றே குறைந்தது; மறுநாள் அவர்களுக்குத்தான் பதற்றம் கூடியது. 'நேற்று என்ன உளறினேனோ, யார் யார் பார்த்தார்களோ' என்ற விசாரணையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அந்தத் தவிப்பைத் தணிக்கக் கைவசம் இருக்கும் ஒரே வழியும் குடிதான்.

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் பதின்ம வயதினரை முப்பது வயதுவரை பின்தொடர்ந்து, 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. பதின்ம வயதில் சமூகப் பதற்ற நோய் இருந்தவர்கள் பிற்காலத்தில் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பு, மற்றவர்களைவிட நான்கரை மடங்கு அதிகம் என்று அது கண்டது. அப்படி அச்சத்தில் குடிக்கத் தொடங்கிய ஒருவரைச் சொல்கிறேன். குடியை நிறுத்தப் போராடுகிறவர்களுக்கான உலகப் பெரும் இயக்கமாகிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸை 1935இல் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன்; முன்பு சொன்ன உளவியலாளர் வில்சன் வேறு. 1917இல் இளம் ராணுவ அதிகாரியாக ஒரு செல்வந்தர் வீட்டு விருந்துக்குப் போய், யாரிடமும் ஒட்ட முடியாமல் நின்றபோதுதான் அவர் முதல் கிளாஸை எடுத்தார். தனக்கும் மனிதர்களுக்கும் நடுவில் இருந்த தடுப்பு விலகிப்போனதாக உணர்ந்தார். அந்த ஒரு மாலை அவர் வாழ்க்கையில் பல வருஷங்களை விழுங்கியது. பிறகு அவர் கண்டுபிடித்த மீட்சி என்ன? மனிதர்கள் வட்டமாக உட்கார்ந்து, குடிக்காமல், தம்மைப் பற்றித் தாமே வாய்திறந்து பேசும் கூட்டம்! எதற்கு அஞ்சிக் குடித்தாரோ, அதற்குள்ளேயே மருந்தைக் கண்டார்.

கேரளத்தின் கணக்கு

நாம் வாழும் இந்த ஊருக்கு வருவோம். இங்கிருந்து சில மைல் தூரத்தில், செம்பழந்தியில் பிறந்த ஸ்ரீ நாராயண குரு, மதுவைக் காய்ச்சவும் கொடுக்கவும் குடிக்கவும் கூடாது என்று நூறாண்டுக்கு முன்பே தம் மக்களுக்குச் சொன்னார். ஆனால் அதே மண்ணில் 1984இல் மதுவிற்பனைக்கென்று அரசுக் கழகமே தொடங்கப்பட்டது. பெவ்கோ என்று நாம் சொல்வது அதைத்தான். 1996 ஏப்ரல் முதல் நாளில் ஏ.கே. ஆண்டனி அரசு சாராயத்தைத் தடை செய்தது. 2014இல் உம்மன் சாண்டி அரசு ஐந்து நட்சத்திர ஓட்டல்களைத் தவிர மற்ற பார்களை மூட முடிவெடுத்தது. 2017இல் அடுத்த அரசு அந்தக் கொள்கையைத் தளர்த்தியது. இன்று 23 வயது நிரம்பாதவருக்கு இங்கே மது விற்கக் கூடாது. தமிழ்நாட்டிலும் 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்ந்து, மறுபடி வந்து, இன்று டாஸ்மாக்கில் வந்து நிற்கிறது.

சட்டத்தை நான் குறைசொல்லவில்லை. கடை தூரமானால் குடி கொஞ்சம் குறையும். ஆனால் அரசாங்கம் குப்பியை மட்டும்தான் பூட்ட முடியும். குப்பியைத் தேடவைக்கும் அச்சத்தைப் பூட்ட முடியாது. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து கடைகள் ஒரேயடியாக அடைக்கப்பட்டபோது என்ன ஆயிற்று என்று நினைவிருக்கும். மது கிடைக்காத தவிப்பில் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் வந்தன. மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று மார்ச் 30ஆம் தேதி அரசு ஆணையிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. ஏப்ரல் 2ஆம் தேதி கேரள உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பழகிய உடம்புக்குத் திடீரென்று மதுவை நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதை மாநிலமே அன்று கண்டது.

பெவ்கோ கடை வரிசையை ஒருநாள் கூர்ந்து கவனியுங்கள். மதுரை மீனாட்சி கோயில் வரிசையிலும், சினிமாக் கொட்டகை வரிசையிலும் பேச்சுச் சத்தம் இருக்கும். இங்கே இருக்காது. சிலர் ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டார்கள். ரூபாய் நோட்டு நாலாக மடிந்து உள்ளங்கையில் தயாராக இருக்கும். ஜன்னலை அடைந்ததும் ஒரே சொல்லில் ரம் பேரைச் சொல்லி, குப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, சாலையில் தெரிந்த ஸ்கூட்டர் ஏதாவது வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். முழுக் குப்பிக்குக் காசு போதாத இருவர், ஒருவர் பேர் ஒருவருக்குத் தெரியாமலே 'ஷேர்' போட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் பிரிவதும் இங்கே உண்டு. வெட்கத்துக்கு மருந்து வாங்க வந்தவர்கள் வெட்கத்தோடு நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு நாம் போகிறோம். அந்த முகச்சுளிப்பு அவர்களின் அடுத்த குப்பிக்குக் காரணங்களில் ஒன்றாகிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 19.9 விழுக்காட்டினர் குடிக்கிறார்கள், பெண்களில் 0.2 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஆண்கள் 25.4, பெண்கள் 0.3. ஆனால் சமூகப் பதற்ற நோய் உலகெங்கும் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. கூச்சம் மட்டுமே குடிக்குக் காரணமானால் நம் பெண்கள் அல்லவா அதிகம் குடித்திருக்க வேண்டும்? கூச்சம் குடியாக மாறுவதற்குச் சமூகத்தின் அனுமதி வேண்டியிருக்கிறது. ஆணுக்கு அந்த அனுமதியை நாம் கொடுத்து வைத்திருக்கிறோம். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பந்தலுக்குப் பின்னால், ஓணத்துக்கு மொட்டை மாடியில், வளைகுடாவிலிருந்து வந்தவனின் பெட்டியில் என்று இடத்தையும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பெண்ணுக்கு அனுமதி இல்லை. முன்பு சொன்ன உளவியலாளர்கள் வில்சனும் ஏபிரம்ஸும் 1979இல் அதே போன்ற சோதனையைப் பெண்களிடம் செய்தபோது, மது குடித்திருக்கிறோம் என்ற நம்பிக்கை அவர்களின் படபடப்பைக் கூட்டவே செய்தது. அமெரிக்காவிலேயே அந்தக் கதி!

அதனால் நம் பெண்கள் தப்பித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். விசேஷ வீட்டில் அடுக்களையை விட்டு வெளியே வராத அக்காவையும், 'தலைவலி' என்று ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நின்றுகொள்ளும் அண்ணியையும் நீங்கள் அறிவீர்கள். அவர்கள் குடிக்கவில்லை, ஒதுங்கிவிட்டார்கள். குடிகாரனின் நோய் தெருவுக்குத் தெரிகிறது. இவர்களின் நோய் யாருக்கும் தெரிவதில்லை.

குடியைப் பற்றி நாம் கட்டிய கதைகளைச் சொல்லும்போது ஒரு பெரிய மலையாளக் கவிஞரை நினைக்காமல் என்னால் மேலே போக முடியாது. இங்கே நேமத்தில் பிறந்த ஏ. அய்யப்பன், 2010 அக்டோபரில் நம் ஊர்த் தம்பானூர்ச் சாலையோரம் நினைவிழந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், உயிர் பிரிந்தது. அது யார் உடல் என்று தெரியாமல் பிணவறையில் கிடந்தது. இரண்டு நாளில் சென்னையில் அவர் ஆசான் விருது வாங்க இருந்தார். அவர் மனசுக்குள் என்ன இருந்தது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் சொல்வது நம்மைப் பற்றி. கவிஞன் என்றால் குடிப்பான், குடித்தால்தான் கவிதை வரும் என்று நாம் கதை கட்டிவிட்டோம். அந்தக் கவிதைக்கும் குப்பியே பேர் வாங்கிக்கொண்டது. இளம் கவிஞர்கள் அந்தக் கதையை நம்பிக் குடிக்கத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அந்தக் கதையை இனிச் சொல்லாதீர்கள்.

அவையஞ்சாமை

வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரம் வைத்தார், அது 93ஆவது. நாம் அதை மேடைக்கு மேடை சொல்கிறோம். அதற்கு இருபது அதிகாரம் முன்னால், 73ஆவதாக, அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரம் இருப்பதை ஏனோ குடியைப் பற்றிப் பேசும்போது நினைப்பதில்லை. போர்க்களத்தில் சாகத் துணிந்தவர் பலர் உண்டு, சபையில் அஞ்சாமல் நிற்பவர் சிலரே என்பது அவர் கணிப்பு. அந்த அச்சத்தை அவர் கேலி செய்து விட்டுவிடவில்லை; கற்று, பயின்று, விடைசொல்லப் பழகித் தாண்டவேண்டியது என்று வழியும் காட்டினார். இன்றைய சிகிச்சையும் அடிப்படையில் அதையேதான் சொல்கிறது: பழகு.

எப்படிப் பழகுவது? சிறிதிலிருந்து பெரிதுக்கு ஏறவேண்டும். என்னிடம் வந்தவர்களுக்கு நான் கொடுத்த முதல் பாடம் நம் ஊரில் 'சாலை' என்று பேர்பெற்ற கடைத்தெருவில். நாலு கடை ஏறி விலை விசாரித்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் இறங்கி வரவேண்டும். உங்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றும். கூச்சக்காரருக்கு மலை ஏறுவதற்குச் சமம். அடுத்து, தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்கு நடுவே சத்தமாகச் சந்தேகம் கேட்கவேண்டும். அடுத்து, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் கேட்கும்படி போனில் பேசவேண்டும். அதற்கும் அடுத்து, கல்யாணப் பந்தியில் அறிமுகமில்லாதவர் பக்கத்தில் உட்கார்ந்து நாமே முதலில் பேச்சுக் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு படியிலும், பயந்தது நடந்ததா என்று எழுதி வைக்கவேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: குடிக்காமல் செய்யவேண்டும். அப்போதுதான் பேர் உரியவருக்குப் போய்ச் சேரும். தேவைப்படுவோருக்கு மருந்துகளும் உண்டு. அதை மனநல மருத்துவர் தீர்மானிப்பார்.

ஏற்கெனவே குடி முற்றியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும். இரண்டு நோய்க்கும் ஒரே நேரத்தில் சிகிச்சையைத் தொடங்கினால் போதும் என்றும் எண்ணிவிட முடியாது. 2001இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் குடிக்கும் கூச்சத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்கள், குடிக்கு மட்டும் சிகிச்சை பெற்றவர்களைவிடக் குடி விஷயத்தில் பின்தங்கினார்கள். எதை முதலில், எதை அடுத்து என்பதை ஆளுக்கேற்ப நிதானமாகத் திட்டமிடவேண்டும். குடிநோய் மையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் மையங்களில் சிகிச்சையின் பெரும்பகுதி குழுவாக உட்கார்ந்து பேசுவது. சமூகப் பதற்றம் உள்ளவர்கள் அங்கே வாய் திறக்கத் தயங்குகிறார்கள் என்று 2009இல் ஓர் ஆய்வு சொன்னது. பேசாதவரை 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதிவிடாதீர்கள். அவர் எதற்காகக் குடித்தாரோ, அதே பயத்தோடு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, குடிநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? நம் ஊரிலேயே பாருங்கள். ஊளம்பாறை மனநல மையம் 1870இல் தொடங்கப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் மக்களுக்கு மருத்துவம் செய்திருக்கிறது. நாமோ அந்த இடத்தின் பேரை ஒருவரை ஒருவர் ஏசுவதற்கு வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டில், மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் அதே கதி. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்பதே ஒருவரின் நோயாக இருக்கும்போது, நாலு பேர் ஏசும் இடத்துக்கு அவர் எப்படிப் போவார்? வீட்டைவிட்டு வெளியே வராமலே பேச ஒரு வழி உண்டு: 14416. மத்திய அரசின் டெலிமானஸ் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் கிடைக்கும், கட்டணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். முகம் காட்டவேண்டியதில்லை என்பது கூச்சக்காரருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி!

நாம் செய்யவேண்டியது

கடைசியாக, குடிக்காத உங்களிடம்தான் என் கோரிக்கைகள்.

பெற்றோர்களே, பிள்ளை விருந்தாளி முன்னால் பேசவில்லை என்றால், 'இவன் வாயில்லாதவன்' என்று அவன் காதுபடச் சொல்லாதீர்கள். ஆசிரியர்களே, நடுங்கும் குரலில் வாசிக்கும் மாணவனைப் பார்த்து வகுப்பு சிரித்தால், சிரிப்பை நிறுத்துங்கள், வாசிப்பை நிறுத்தாதீர்கள். அலுவலகத் தலைவர்களே, குடிக்காதவனும் சமமாக இருந்து கலந்துகொள்ளும்படி உங்கள் விருந்தை நடத்துங்கள்.

விசேஷ வீட்டுக்காரர்களே, கூச்சக்காரனை ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, 'பேசு பேசு' என்று படுத்தாதீர்கள். அவன் கையில் சாம்பார் வாளியைக் கொடுங்கள். ஒவ்வோர் இலையாக நின்று, 'இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா சித்தப்பா?' என்று கேட்டுக்கொண்டு போகட்டும். தன்மேலேயே குத்தி நிற்கும் கவனம் வெளியே திரும்பினால் அச்சம் இளகும் என்பது கூச்சத்துக்கான சிகிச்சையின் அடிப்படைகளில் ஒன்று. பந்தி முடியும்போது ஐம்பது பேரிடம் அவன் பேசியிருப்பான், ஒரு சொட்டும் குடிக்காமல்.

ஆண்கள் குடிக்காமல் கூடிப் பேசும் இடங்களையும் மீட்டெடுக்க வேண்டும். 1945இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 கிராம நூலகங்களை ஒன்றுசேர்த்து ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அந்த வாசகசாலைகளில் பத்திரிகையை உரக்க வாசித்தும், வாக்குவாதம் செய்தும் சாதாரண மனிதர்கள் சபையில் பேசக் கற்றுக்கொண்டார்கள். இதைப் போன்ற கூட்டங்களும் அதற்குத்தான். அடுத்த மாதம் இங்கே பேச, இதுவரை மேடை ஏறாத ஒருவரைக் கூப்பிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். திக்கினாலும் பொறுத்திருங்கள். முடிந்ததும் பக்கத்தில் போய், அவர் சொன்னதில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பேசியவருக்கே பேர் போகட்டும்.